ஏற்காட்டுக் கற்கோடரிக்கு ஊர் எது?

ஆசிரியருக்கு,

சேர்வராயன் மலையில் கிடைக்கும் கற்கோடரிகளைப் பற்றிய கட்டுரை, அவற்றைச் செய்தவர்களுக்கு மலைக்குக் கீழேயுள்ள சமவெளியோடு தொடர்பே கிடையாது என்று முடிக்கிறது. கல் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே கத்திக்கும் அம்புமுனைக்கும் அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக்கல்தான் பிரசித்தம். அதில் ருபீடியம், ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம் ஆகிய தனிமங்கள் கலந்திருக்கும் அளவு மலைக்கு மலை மாறும். அதை எக்ஸ்ரே கருவியால் அளந்தால் கல் எந்த மலையுடையது என்று தெரிந்துவிடும். டிடிகாகா ஏரிப் பக்கத்துப் பழைய நகரமான தியவானக்குவில் கிடைத்த அப்சிடியனில் பெரும்பகுதி, 300 கிலோமீட்டருக்கு அப்பால் பெருவிலுள்ள சிவாய் என்ற இடத்துக் கல். அங்கே பொதி சுமக்கும் லாமா என்ற விலங்கு தூக்குவது 25, 30 கிலோ. நாளைக்கு 20 கிலோமீட்டர் நடந்தாலே அதிகம். ஒரு நடைக்குப் பதினைந்து நாள் வைத்துக்கொள்ளலாம். தெற்குப் பெருவின் மொக்கேகுவா பள்ளத்தாக்கில் இன்னும் வேடிக்கை. செரோ பவுல் மேட்டில் குடியேறிய வாரி என்ற பழைய அரசின் மக்கள், வடமேற்கிலுள்ள அல்கா, கிஸ்பிசிசா என்ற இடங்களின் அப்சிடியனைத் தருவித்தார்கள். அதே பள்ளத்தாக்கின் தியவானக்குக்காரர்களிடம் பெரும்பாலும் சிவாய். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் கொடுக்கல் வாங்கல் தனித்தனி!

சறுக்கலும் உண்டு. கிஸ்பிசிசாக் கல்லின் கலவை 1970களிலேயே தெரியும். ஆனால் அது கிடைக்கும் மலையைத் தவறாகக் குறித்துவிட்டார்கள். பெருவின் அயகுச்சோ பகுதியில் சரியான இடம் பிடிபட 20 ஆண்டுக்கு மேலானது.

நம் கோடரிகளுக்கு இந்த முறையை அப்படியே போட்டால் ஏமாற்றிவிடும். கண்ணாடிக்கல் முழுக்க ஒரே சீராக இருக்கும். கோடரி செய்யும் டோலரைட் என்ற கரும்பாறை போன்ற கல்லிலோ மணிமணியாகப் பல கனிமங்கள். எக்ஸ்ரே கருவியை ஓரிடத்தில் மட்டும் வைத்தால் அங்கிருக்கும் மணியின் கணக்குதான் வரும். பொருக்கில்லாத தட்டையான பரப்பில் ஐந்தாறு இடம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். சேலத்தைச் சுற்றியுள்ள பாறைகளின் மாதிரியும் கையில் வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

கோயில்களில் சாமியாக இருக்கும் கோடரிகளைப் பெயர்த்து எடுத்துவர வேண்டாம். கையில் எடுத்துப்போகும் எக்ஸ்ரே கருவியே அங்கு போகும். எண்ணெய், மஞ்சள், குங்குமப் படிவு அளவைக் கெடுக்கும் என்பதால், பூசாரியிடம் கேட்டு அடிப்பக்கத்தில் நாணய அளவுக்குச் சில இடங்களைத் துடைத்தால் போதும். எந்தக் காட்டில், எந்த வயலில் கிடைத்தது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்பே தொடங்கவும் வழியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் புரூஸ் ஃபுட் சேகரித்த சேர்வராயன் கோடரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைச் சோதிக்க எந்தப் பூசாரியின் அனுமதியும் தேவையில்லை.

– ஒரு வாசகர், ஏற்காடு