எக்ஸ்சேஞ்சில் போடுவதற்கு முன் ஒரு ஸ்பின் ஓட்டிப் பார்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

புது வீட்டுக்குப் போனதிலிருந்து வாஷிங் மெஷின் ஸ்பின் ஓடும்போது இடத்தை விட்டு நகர்ந்து வருகிறது, கீழ்வீட்டுக்காரர்கள் மாடியேறி வந்து கேட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பார்க்க வந்த மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் "டிரம் போய்விட்டது" என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் கோபம்தான் வந்தது. பழைய வீட்டில் கடைசி நாள்வரை ஒழுங்காக ஓடிய மெஷின் அது. டிரம் போனது என்றால் பெரும்பாலும் அது சுழலத் தாங்கும் பேரிங் தேய்ந்தது என்றுதான் பொருள். லாரியில் வந்த அரை நாளில் பேரிங் தேய்ந்துவிடாது. பழையதைக் கொடுத்துப் புதிது வாங்கும் எக்ஸ்சேஞ்ச் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வை. வீடு மாறிய கையோடு இதே தொல்லைக்கு ஆளாகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே ஒரு துணியும் இல்லாமல் ஸ்பின் மட்டும் ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார். எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட எந்த நேரத்தில் ஆடுகிறது என்பதைக் கவனி. என் அனுபவத்தில் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

உன்னுடையது முன்பக்கக் கதவு மெஷின். துணி சுழலும் டிரம்மைச் சுற்றித் தண்ணீரைத் தாங்கும் வெளித்தொட்டிதான் டப். அது மேலே ஸ்பிரிங்கில் தொங்குகிறது. கீழே ஷாக் அப்சார்பர்கள் அதைத் தாங்குகின்றன. ஆட்டத்தை அடக்குவதற்காகவே டப்போடு கனமான கான்கிரீட் கட்டிகளையும் பூட்டியிருப்பார்கள். ஸ்பிரிங்கில் தொங்கும் எதற்கும் அது அதிகமாக ஆடும் ஒரு வேகம் உண்டு. டப்புக்கு அது வேகம் ஏறத் தொடங்கும் கட்டத்திலேயே, நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுக்குள் வந்துவிடும். புது மெஷின்கூட அந்த இடத்தில் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுத்தான் மேலே போகும். அங்கே டப் பாடியில் தடதடவென்று மோதி, வேகம் கூடியதும் அடங்கிவிட்டால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கிறது. ஏறும்போது அமைதியாக இருந்துவிட்டு முழு வேகத்தில் மெஷின் மொத்தமாக நடுங்கி நடந்தால் மெஷினின் கால்களையும் தரையையும் பார்க்க வேண்டும். வேகத்தோடு சேர்ந்து உறுமலும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் பேரிங்கைச் சந்தேகப்படு.

வெறுமனே ஓடும்போது ஆடவே இல்லையா? அப்படியென்றால் குறை நீ போடும் துணியில்தான். நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடும் டிரம்மில் அரைக் கிலோ ஈரத்துணி ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டால், அது டிரம்மை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 190 கிலோ எடைக்குச் சமம். வேகத்தைப் பாதியாக, 600-ஆகக் குறைத்தால் அது கால் பங்காகிவிடும். ஸ்பின்னுக்கு முன்னால் டிரம் மெதுவாகச் சுற்றுவதும், நிற்பதும், திருப்பிச் சுற்றுவதும், மீதி நிமிடம் குறையாமல் அப்படியே நிற்பதும் இதனால்தான். துணி சமமாகப் பரவும்வரை வேகம் எடுக்க மெஷின் தயங்குகிறது. ஒற்றைப் போர்வையையோ கால்மிதியையோ தனியாகப் போடாதே. கூட இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போடு. மெத்தை விரிப்பு உறைக்குள் சின்னத் துணிகள் எல்லாம் புகுந்து பந்தாகிவிடும், பொத்தானை மாட்டிவிட்டுப் போடு.

குழந்தைக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டை மட்டும் ஸ்பின்னில் போடவே போடாதே. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அதற்குள்ளேயே தேங்கி, வேகம் ஏறும் நேரத்தில் மொத்தமாக ஒரு பக்கம் சாயும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் மேல்பக்கம் துணி போடும் சுமார் 28 லட்சம் மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக சாம்சங் அறிவித்தது. ஸ்பின்னில் அதிர்வு மிகுந்து மேல்மூடியே பெயர்ந்து வரக்கூடும் என்பதுதான் காரணம். போர்வை, பெரிய துணி, தண்ணீர் புகாத துணி ஆகியவற்றைக் குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள் என்று அப்போது சொன்னார்கள்.

உன் வீட்டில் நான் அதிகம் சந்தேகப்படுவது தரையைத்தான். மெஷின் இருப்பது குளியலறைக்கு வெளியே உள்ள சின்னக் கூடத்தில் என்று எழுதியிருந்தாய். தண்ணீர் வடிய வேண்டும் என்று கொத்தனார் அங்கே வாட்டம் விட்டிருப்பார். கண்ணுக்குச் சமமாகத் தெரியும். ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஒரு பக்கம் ஓடிவிடும். அதன்மேல் சக்கரம் வைத்த ஸ்டாண்டையும் போட்டிருந்தால் எந்த மெஷினும் நடக்கத்தான் செய்யும். அந்த ஸ்டாண்டை எடுத்துவிடு. மெஷினின் மேல்பலகையில் எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்திப் பார். ஒரு மூலை அமுங்கி எழுந்தால் அந்தக் கால் தரையில் படவில்லை. ஸ்பேனரால் அந்தக் காலைத் திருகி இறக்கி, நான்கும் பதிந்ததும் காலில் இருக்கும் நட்டை மேல்நோக்கி ஏற்றி, பாடியை ஒட்டி இறுக்கு. பலர் இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறார்கள். சில வாரத்தில் கால் மறுபடியும் தளர்ந்துவிடும். ரப்பர் பேட் வாங்கட்டுமா என்று கேட்பாய். சத்தம் கீழ்வீட்டுக்கு இறங்குவதை அது கொஞ்சம் குறைக்கும், கோணலைச் சரிசெய்யாது.

பின்பக்கத்தையும் பார்த்துவிடு. ஏற்றி இறக்கும்போது டப் ஆடாமலிருக்க மூன்று நான்கு நீள போல்ட்டுகளைப் போட்டுப் பூட்டுவார்கள். அதைக் கழற்ற மறந்திருந்தால் டப்பும் பாடியும் ஒன்றாகிவிடும், மெஷின் துள்ளும். போல்ட் போடாமலே ஏற்றி வந்திருந்தால் வேறு தொல்லை: வழியில் குலுங்கி மேல் ஸ்பிரிங் ஒன்று கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். கதவைத் திறந்து ரப்பர் வளையத்தைப் பார். டப் ஒரு பக்கம் இறங்கி, வளையம் அங்கே கசங்கியும் எதிர்ப்பக்கம் இழுபட்டும் இருந்தால் அதுதான் விஷயம்.

அடுத்த இரண்டு சோதனைகளையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய். டப்பைக் கீழே அழுத்திச் சட்டென்று விடு. ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது. திரும்பத் திரும்பக் குதித்தால் தளர்ந்துவிட்டது. மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல். ஒன்றை மட்டும் மாற்றினால் டப் ஒரு பக்கமாக இழுக்கும். பிறகு உள்ளே இருக்கும் ஸ்டீல் டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்கி இறக்கு. டப்பும் சேர்ந்து அசைந்தால் பயமில்லை. டப் நிற்க, டிரம் மட்டும் டக் டக்கென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கை அலுமினியத் தாங்கியில் விரிசல் விட்டிருக்கிறது. பல மாடல்களில் டப்பை இரண்டு பாதியாக வார்த்து ஒட்டிவிடுகிறார்கள், பேரிங்கை மட்டும் தனியாக மாற்ற முடியாது, முழு டப்பையே மாற்ற வேண்டும். அந்த நிலை வந்தால் செலவைக் கணக்குப் போட்டு எக்ஸ்சேஞ்ச் பற்றிப் பேசுவோம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டு செய். மெஷின் கனம், தனியாகச் சாய்க்காதே. கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பு. ஷாக் அப்சார்பர்தான் என்றால் அந்த எண்ணுக்கு ஏற்றதை நானே இங்கே வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்