தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்தில் தமிழ் விளக்கம் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
தொல்லியல் துறை,
எழும்பூர், சென்னை - 8.

பொருள்: டேன்ஸ்பர்க் கோட்டையில் பள்ளி மாணவர்களுக்கான விளக்கப் பலகைகளும் ஒலிப்பதிவும் அமைக்க வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் ஊர்க் கடற்கரையில் 1620இல் டென்மார்க் நாட்டவர் எழுப்பிய டேன்ஸ்பர்க் கோட்டை ஒரு காலத்தில் பயணியர் விடுதியாக இருந்தது. 1978இல் தங்கள் துறையின் கைக்கு வந்தது. 2001இல் டென்மார்க்கின் தரங்கம்பாடி சங்கமும் துறையும் சேர்ந்து அதைச் சீரமைத்தபோது, மேற்கூரைக்குச் சுண்ணாம்பு பூசுவதை நின்று பார்த்தவன் நான். இன்று அருங்காட்சியகமாக நன்றாகவே இருக்கிறது. குறை சொல்ல வரவில்லை.

பல வருடங்களாகப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்க் கதை சொல்லி வருகிறேன். இப்போது தொண்டை ஒத்துழைக்கவில்லை, கடல் காற்றில் என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டுவதில்லை. அதனால்தான் இந்த மனு.

ஒட்டக முதுகு போல வளைந்த கூரையின் மொத்தப் பாரத்தையும் நடுவில் உள்ள ஒற்றைத் தூண் தாங்குகிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் ஓடிப்போய் அதில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் ஒருவனாவது இருப்பான், விழுந்துவிடுமோ என்று!

அப்புறம் சீகன்பால்கு. 1706இல் டென்மார்க் மன்னர் அனுப்பி வந்த ஜெர்மானியப் பாதிரியார். தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அவரை 1708இல் இதே கோட்டையில் டேனிஷ் ஆளுநரே சிறை வைத்தார், ஏறக்குறைய நான்கு மாதம். "ராஜா அனுப்பின ஆளை ராஜாவோட ஆளே ஏன் சார் ஜெயில்ல போட்டாரு?" என்று போன மாதம் ஓர் ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான். அதற்கான பதில் ஒரு பலகையில் எளிய தமிழில் இருந்தால் நான் இல்லாத நாளிலும் அவன் படித்துக்கொள்வான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பொன் ஓலை. தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியானுக்கு அனுப்பிய தமிழ்க் கடிதம் அது. மூலம் கோபன்ஹேகனில் இருக்கிறது, அதைக் கேட்கவில்லை. அதன் வாசகத்தை இன்றைய எழுத்தில் பெரிதாக எழுதி வைத்து, பொத்தானை அழுத்தினால் ஒருவர் வாசிப்பது கேட்கும்படி செய்தால் போதும். நம் மொழிக் கடிதத்தை நம் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கட்டும்.

பலகை வாசகங்களை எழுதித் தரவும் பிழை திருத்தவும் ஊதியமின்றி நான் தயார். காணும் பொங்கல் கூட்டத்துக்கு முன் முதல் பலகையாவது அமைய ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)