'மை லார்ட்'டின் பூர்வீகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீதிபதிகளை 'மை லார்ட்' என்று அழைப்பதில் முடியாட்சி வாடை அடிக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரிதான். இந்திய பார் கவுன்சிலே 2006-இல் அந்த விளி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு அந்தச் சொல்லின் பூர்வீகம்தான் வேடிக்கை.

பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்வேர்டு'. ஹ்லாஃப் என்றால் ரொட்டி. கடையில் கேட்கிறோமே, அந்த 'லோஃப்'தான். வேர்டு என்றால் காவலர். ஆக, வீட்டு ரொட்டிக்குப் பொறுப்பாளி! சொல் தேய்ந்து தேய்ந்து 'லார்ட்' ஆயிற்று. அப்புறம் எஜமானர் என்று பொருள்படும் லத்தீன் 'டாமினஸு'க்கு ஈடாகக் கடவுளுக்கும் அதையே வைத்தார்கள். 'லேடி'யும் அதே அடுப்படிதான்: 'ஹ்லேஃப்டியே', ரொட்டிக்கு மாவு பிசைபவள்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட அரசர் ஏத்தல்பெர்ட்டின் 7ஆம் நூற்றாண்டுச் சட்டத்தில் வேலையாளுக்கு 'ஹ்லாஃப்ஏட்டா' என்று பெயர். ரொட்டி தின்பவன்! உழைப்பவனுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். காவலரும் பிசைந்தவளும் இன்றுவரை மரியாதையோடு இருக்கிறார்கள். தின்றவனின் பெயர் மட்டும் வழக்கொழிந்துவிட்டது.

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மதுரை