ஓவியத்தைக் கழற்றிவிட்டுக் கவிதையை மட்டும் அச்சிடுவோருக்கு

உலகக் கவிதைத் தொகுப்புகளை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் உங்களில் ஒருவர் கொண்டுவந்த தொகுப்பில், டச்சிலிருந்து கிளைத்த தென்னாப்பிரிக்க மொழியான ஆப்பிரிக்கான்ஸில் ஓவியங்களைப் பார்த்து எழுதப்பட்ட கவிதைகள் இருக்கின்றன, ஓவியங்கள் இல்லை. ஓவியர் பெயர்கூட இல்லை. மொழிபெயர்ப்பாளரின் விருதுப் பட்டியலுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். மறுபதிப்பில் கவிதையோடு படத்தையும் அச்சிடுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

ஆப்பிரிக்கான்ஸ் எழுத்தாளர் மார்லேன் ஃபான் நீகெர்க் 2017இல் வெளியிட்ட இரு நூல்களை அறிவீர்கள். ஒன்று பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஆட்ரியான் கோர்ட்டேயின் ஓவியங்களுக்கு எழுதியது, மற்றது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து டச்சு ஓவியர் யான் மாங்கெஸின் ஓவியங்களுக்கு. இரண்டிலும் துணைத்தலைப்பிலேயே ஓவியர் பெயர் உண்டு.

கோர்ட்டே காலத்து ஓவியர்கள் பலர் வெள்ளித் தட்டு, நண்டு, கண்ணாடிக் கோப்பை என்று மேசையை நிரப்பினார்கள். இவரோ ஒரு கல்விளிம்பில் ஒரு கட்டு ஆஸ்பராகஸ் தண்டை வைத்தார். பின்னால் வெறும் இருட்டு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த 1697ஆம் ஆண்டு ஓவியம் 25 செ.மீ. உயரம், 20.5 செ.மீ. அகலம், அவ்வளவுதான். இந்தச் சிறுமையையும் சிக்கனத்தையும் கண்ணால் பார்க்காதவர், இப்படிப்பட்ட படத்துக்கு எழுதிய கவிதையில் கல் வந்தால் கல்லறை என்றும், இருட்டு வந்தால் மரணம் என்றும் படித்துவிடுவார். கோர்ட்டே பற்றிய நூலின் தலைப்பில் வரும் மெட்லர் பழம், அழுகும் பதத்துக்கு வந்த பிறகே தின்ன வாய்க்கும். அதற்கும் ஒரு வரி அடிக்குறிப்பு இல்லை.

செலவு என்பீர்கள். கோர்ட்டே மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். மாங்கெஸ் இறந்தது 1920இல். இருவரின் ஓவியங்களுக்கும் இன்று பதிப்புரிமை கிடையாது. ரைக்ஸ்மியூசியம் தன்னிடமுள்ள பழைய ஓவியங்களின் உயர்தரப் படங்களை இலவசமாகவே தருகிறது. கவிதைக்குத்தான் அனுமதி வேண்டும். அதை வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறோம். வழவழப்பில்லாத மேப்லித்தோ தாளில் கருப்புவெள்ளையில் அடித்து ஒப்பேற்ற வேண்டாம். மை ஊறி, இருண்ட பின்னணி சாம்பல் பூத்து, தண்டின் விளிம்பு அதில் கரைந்துவிடும். ஆர்ட் பேப்பரில் எட்டுப் பக்கம் நான்கு வண்ணத்தில் அடித்து நடுவில் சேர்த்துத் தையுங்கள். கவிதைக்குக் கீழே படத்தின் பக்க எண்ணைப் போடுங்கள். போதும்.

முன்னுரையில் ‘டச்சுத் தாக்கம்’ என்று இரண்டே சொல்லில் கடந்திருக்கிறீர்கள். ஆப்பிரிக்கான்ஸில் முழு விவிலியம் வந்ததே 1933இல்தான். அதுவரை வீட்டிலும் ஆலயத்திலும் ஒலித்தது 1637ஆம் ஆண்டின் டச்சு விவிலியம். ஆகவே ஆப்பிரிக்கான்ஸ் வரியில் பழைய டச்சு வினைவடிவம் ஒன்று தலைகாட்டினால் அங்கே விவிலியத்தின் சங்கீதப் பாடல்களின் தொனி ஏறிவிடும். ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்தால் முதலில் உதிர்வது அதுதான். ஆப்பிரிக்கான்ஸ் கவிஞர் ஃபான் வெய்க் லோ 1950 முதல் 1958 வரை ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர். இன்னொரு கவிஞர் எலிசபெத் எய்பெர்ஸ் 1961இல் அங்கே குடிபோன பிறகும் ஆப்பிரிக்கான்ஸிலேயே எழுதினார். நெதர்லாந்து 1991இல் தன் உயர்ந்த இலக்கிய விருதான பி.சி. ஹோஃப்ட் பரிசை அவருக்கு அளித்தது. பின்னட்டையில் ‘ஆப்பிரிக்க மண்ணின் குரல்’ என்று போட்டுவிட்டதால் ஆம்ஸ்டர்டாமைச் சொல்லக் கூச்சமோ? சிங்கமும் நிறவெறியும் வராத பக்கங்கள் உங்களுக்கு உறுத்துகின்றனவோ?

கோபத்தைப் பொறுத்தருள்க. எந்தக் கவிதைக்கு எந்த ஓவியம், எந்த ஆண்டு, எந்த அருங்காட்சியகம் என்ற பட்டியலை ஊதியமின்றி நாங்களே தயாரித்துத் தருகிறோம். மறுபதிப்பு அச்சுக்குப் போகுமுன் தெரிவியுங்கள். படங்களைச் சேருங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஆப்பிரிக்கான்ஸ், டச்சுக் கவிதை வாசகர்கள் சிலர்