அப்பாவின் கையெழுத்துக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

போன வாரம் ஆய்வுக் குழுவிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது. அப்பா கலந்துகொண்ட அல்சைமர் ட்ரையலில், அதாவது மருந்தை மனிதர்களிடம் கொடுத்துச் சோதிக்கும் ஆய்வில், அவருக்குக் கொடுக்கப்பட்டது மருந்தா, வெற்று மாத்திரையா என்பதை அதில் தெரிவித்திருந்தார்கள். வெற்று மாத்திரைதான். ஒரு வருடம், நாள் தவறாமல், காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று நான் எடுத்துக் கொடுத்ததில் மருந்தே இல்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

இந்த ட்ரையல் நடந்ததே நீங்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தால். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள். அதனால் இந்த மடலில் யாருடைய பெயரும் இல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும், எந்த வரி உங்களுக்கானது என்று.

அப்பா அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் செய்தித்தாளில் எழுத்துப்பிழை கண்டால் பென்சிலால் அடிக்கோடு போடாமல் இருக்க முடியாது அவரால். நாங்கள் முதலில் கவனித்தது மறதியை அல்ல, அந்தக் கோடுகளை. முதலில் குறைந்தன. அப்புறம், சரியாக இருந்த சொற்களின் கீழே கோடு விழ ஆரம்பித்தது. ஆரம்ப நிலை அல்சைமர் என்று டாக்டர் சொன்னபோது, மூளையில் மாற்றங்கள் தொடங்கி 15, 20 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்றும் சொன்னார். அப்படியென்றால் ஒரு பிழைகூடத் தப்பாமல் பக்கம் பக்கமாகத் திருத்திக்கொண்டிருந்த நாட்களிலேயே அது உள்ளே வந்துவிட்டிருக்கிறது. இதை நினைக்காமல் இருக்க எனக்கு இன்னும் பழகவில்லை.

சரி, பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் செய்தது எவ்வளவு கடினமான காரியம் என்பது எனக்கும் மெதுவாகத்தான் புரிந்தது.

நினைவும் சிந்தனையும் குன்றிப்போவதை டிமென்ஷியா என்கிறார்கள், அதற்கு முக்கியக் காரணம் அல்சைமர். உலகத்தில் டிமென்ஷியாவோடு வாழ்பவர்கள் 2021-ல் 5 கோடியே 70 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். இத்தனை பேருக்கு வரும் நோய் என்றால் மருந்துக்குப் பணம் கொட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கொட்டுவது, ஒரு மருந்து வேலை செய்யும் என்று ஓரளவு தெரிந்த பிறகுதான். ஆய்வுக்கூடத்தில் எலியிடம் பலன் தெரிந்தது, மனிதரிடம் இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்ற நிலையில் இருப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. நிதி தரும் அமைப்புகள் முதலில் மனிதர்களிடம் எடுத்த தரவைக் கேட்கின்றன. அந்தத் தரவை எடுக்கத்தானே பணம் கேட்கிறோம்! எங்கள் குழு சோதித்த மருந்து இன்னும் ஒரு படி கீழே இருந்தது. வேறொரு நோய்க்காகப் பல காலமாக விற்பனையில் இருக்கும், காப்புரிமை முடிந்த பழைய மருந்து. வெற்றி பெற்றாலும் யாருக்கும் பெரிய லாபம் வராது. அதற்கு எந்தக் கம்பெனி முன்வரும்?

அந்த இடத்தில்தான் நீங்கள் வந்தீர்கள்.

முதல் நன்றி, இந்த ஆய்வை முன்னின்று நடத்திய டாக்டருக்கு. நிதி திரட்டத் தொடங்கும் முன் அவர் எங்களை உட்காரவைத்து உண்மையைச் சொன்னார். 2002 முதல் 2012 வரை பதிவான அல்சைமர் ட்ரையல்கள் 413. அந்தப் பத்தாண்டில் சோதனைக்கு வந்த மருந்துகளில் 99.6 சதவீதம் தோற்றன. தேறி வந்தது மெமன்டைன் ஒன்றுதான். அமெரிக்காவில் 2003-ல் அதற்கு அனுமதி கிடைத்த பிறகு, அல்சைமருக்கு அடுத்த புது மருந்து வர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "நீங்கள் தரும் பணம் உங்கள் வீட்டில் இருப்பவருக்கு உதவப்போவதில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்" என்றார். நாங்களும் அப்படியே சொல்லித்தான் உங்களிடம் கேட்டோம். கேட்ட பிறகும் கொடுத்தீர்கள். ஆசை காட்டிப் பணம் வாங்குவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த நாட்களில் யாராவது ஆசை காட்டியிருந்தால் நானே கையில் இருந்ததையெல்லாம் கொடுத்திருப்பேன்.

அன்று அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இன்றுவரை துணையாக இருக்கிறது. அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிவதைத் தடுக்க ஏஎன்1792 என்றொரு தடுப்பூசி. 2002 தொடக்கத்தில் அதன் ட்ரையலை நிறுத்திவிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட சுமார் 300 பேரில் 18 பேருக்கு மூளையில் அழற்சி வந்துவிட்டது. தோல்வி என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் அந்தத் தடுப்பூசியின் ட்ரையல்களில் பங்கேற்றுப் பின்னர் இறந்தவர்கள் சிலரின் மூளையை அவர்கள் குடும்பத்தினர் ஆய்வுக்குக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால், பல இடங்களில் படிவுகள் காணாமல் போயிருந்தன. மனித மூளையிலிருந்து அதை அகற்ற முடியும் என்று தெரிந்தது அப்படித்தான். அகற்றினாலும், நோய் முற்றிய பிறகு சரிவு நிற்பதில்லை என்பதும் அதே மூளைகளிலிருந்துதான் தெரியவந்தது. ஆரம்பத்திலேயே மருந்து கொடுக்க வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுவதற்குப் பின்னால் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் இந்த மடலில் ஒரு பங்கு உண்டு.

அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி பெற்ற, அதே அமிலாய்டை அகற்றும் லெக்கனமாப் மருந்தின் வேர், வட சுவீடனில் ஒரு குடும்பத்தில் லார்ஸ் லன்ஃபெல்ட்டின் குழு கண்டுபிடித்து 2001-ல் வெளியிட்ட ஒரு மரபணு மாற்றத்தில் இருக்கிறது. 22 ஆண்டுகள்! அத்தனை காத்திருந்து கிடைத்தது என்ன? 18 மாதங்களில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வருவதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். இது போதாது என்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன், போதாதுதான். ஆனால் அப்பாவோடு இன்னும் சில மாதம் பழையபடி பேச முடியும் என்று யாராவது சொன்னால், அந்தச் சில மாதங்களின் அளவு என்னவென்று எனக்குத் தெரியும்.

அடுத்து, ஒப்புதல் படிவத்தை அப்பாவுக்கு விளக்கிய ஆய்வுச் செவிலியருக்கு. அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன்பு நாங்கள் போன இடங்களில் எல்லாம் பேச்சு என்னிடம்தான் நடக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அறையில் இன்னொரு நாற்காலி இருப்பதுபோல. இந்தச் செவிலியர் தன் நாற்காலியை அப்பாவுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் விளக்குவார். "இப்போது நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் ஐயா" என்பார். அப்பா திணறினால் காத்திருப்பார். நான் வாயைத் திறந்தால் கையால் சைகை காட்டி நிறுத்துவார். இடையில் அப்பா பென்சில் கேட்டார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவர் கொடுத்தார். அப்பா படிவத்தில் பிழை திருத்த ஆரம்பித்துவிட்டார்! ஓர் ஒற்று, ஒரு விடுபட்ட எழுத்து, அப்புறம் ஒரே பத்தியில் 'வாரம்' என்றும் 'மாதம்' என்றும் மாறி வந்திருந்த ஓர் இடம். அந்தக் கடைசிப் பிழை நிஜமான பிழை. செவிலியர் அதைக் குறித்துக்கொண்டு மேலே அனுப்பினார். திருத்திய படிவம் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு திரும்பி வரும்வரை கையெழுத்து வாங்காமல் இன்னொரு நாள் வரச் சொன்னார். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தார்.

மறுமுறை போனபோது வெற்று மாத்திரை பற்றி அவரே கேட்டார். "எனக்கு எது வரும் என்று உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது, கம்ப்யூட்டர்தான் பிரிக்கும், எனக்கும் டாக்டருக்கும் கடைசிவரை தெரியாது என்றார் செவிலியர். அப்பா யோசித்தார். "இரண்டு பேர் ப்ரூஃப் பார்த்தால்தான் பிழை பிடிபடும். ஒருத்தர் பார்த்ததை மற்றவர் பார்க்கக் கூடாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கம், கோட்டின் மேல், நேராக. சேகரிக்கும் ரத்தத்தையும், மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்திருக்கும் தண்டுநீரையும் வருங்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தலாமா என்ற கட்டத்திலும் அவரே டிக் போட்டார். இன்று அவரால் பெயர் எழுத முடிவதில்லை. தன் முடிவைத் தானே எடுக்கும் நிலையில் அவர் இருந்தபோது அந்த முடிவை அவரிடமே கேட்டீர்களே, அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

இப்படிப்பட்ட ட்ரையல்களில் நோயாளியோடு நன்கு பழகிய ஒருவர் துணையாகச் சேர வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு. மாத்திரை, தேதி, வாகனம் இதெல்லாம் பெரிதில்லை. தனி அறையில் உட்காரவைத்து, அப்பாவால் இப்போது எதெல்லாம் முடியவில்லை என்று என்னிடம் கேட்பார்கள். அவரையும் தனியே கேட்பார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். அடுத்த அறையில் அவர் இருக்க, அவரைப் பற்றிக் கோள் சொல்வதுபோல இருக்கும் எனக்கு. முதல் முறை பாதியைச் சொல்லாமல் மறைத்துவிட்டேன். பேட்டி எடுத்தவர் அதைக் கண்டுகொண்டார், ஆனால் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் மறைத்தால் மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் தவறாக நினைத்துவிடுவோம்" என்றார். அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் நன்றி.

சேர முடியாமல் போனவர்களை நான் மறக்க மாட்டேன். ட்ரையலுக்கு வந்தவர்களில் பலர் ஆரம்பச் சோதனையிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது ஈவிரக்கமற்றதாகத் தெரியும், ஆனால் அவசியம். பாபினியூசுமாப் என்ற மருந்தின் பெரிய ட்ரையலில், அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் மரபணு இல்லாத பிரிவில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மூளையில் அமிலாய்டு படிவே இல்லை. இல்லாத ஒன்றை எந்த மருந்து அகற்றும்? அதனால்தான் இப்போது முதலில் ஸ்கேன். கணவரை அழைத்துக்கொண்டு நம்பிக்கையோடு வந்த ஓர் அக்காவுக்கு, அவர் ஸ்கேன் தகுதிக்குள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அதோடு போய்விடவில்லை. மறுவாரமே எங்கள் நிதிக் குழுவில் சேர்ந்து, எங்கள் எல்லோரையும் விட அதிகமான பேரிடம் பேசினார். அக்கா, உங்கள் முன்னால் நான் தலைவணங்குகிறேன்.

வரவு செலவைக் கவனித்த அண்ணன், ஒவ்வொரு மாதமும் கணக்கை எல்லோருக்கும் அனுப்பினார். மிகச் சிறிய தொகைக்கும் ரசீது. பரிசோதனை நாட்களில் வண்டி ஓட்டியவர்கள், வீட்டில் அம்மாவுக்குத் துணையாக இருந்தவர்கள், எல்லோருக்கும் என் அன்பு.

முடிவு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், அது உங்கள் உரிமை. பக்க விளைவுகள் யாருக்கும் மோசமாக இல்லை. ஆனால் மருந்து போதிய அளவில் மூளைக்குப் போய்ச் சேரவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதைப் பெருமளவு நிறுத்திவிட்டது. தொடக்கத்திலும் முடிவிலும் எல்லோருடைய முதுகிலிருந்தும் எடுத்த தண்டுநீரை ஆராய்ந்துதான் இது தெரிந்தது. நோயின் சேதத்தைக் காட்டும் புரதங்கள் மருந்து எடுத்தவர்களிடமும் எடுக்காதவர்களிடமும் ஒரே மாதிரிதான் நகர்ந்திருக்கின்றன. எடுக்காதவர்களின் தண்டுநீர் இல்லாமல் அப்படி ஒப்பிட்டிருக்கவே முடியாது. அப்பாவின் தண்டுநீரும் அதில் ஒன்று. இதே வடிவில், இதே அளவில் இந்த மருந்தை ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்து இனி யாரும் வருடங்களைச் செலவழிக்க வேண்டியதில்லை. தடுப்பைத் தாண்டிச் செல்லும்படி மருந்தின் வடிவத்தை மாற்ற முடியுமா என்று இப்போது பார்க்கிறார்கள். ஆய்வு முடிவை, சாதகமாக இல்லாவிட்டாலும், முழுமையாக வெளியிடப்போவதாகக் குழு உறுதி தந்திருக்கிறது. பணம் கொடுக்கும்போது நாம் வைத்த ஒரே நிபந்தனை அதுதான்.

அப்பாவின் மாதிரிகள் உறைபெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையிலேயே நோயை முன்கூட்டிக் கண்டறியும் வழிகளைத் தேடும் இன்னொரு குழு அவற்றைக் கேட்டிருக்கிறது. அப்பா முன்பே டிக் போட்டுவிட்டதால் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. எல்லாச் செலவும் போக நிதியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மருந்தின் புது வடிவத்துக்கான ஆரம்ப வேலைக்கு அதைக் கொடுக்கலாம் என்று குழுவில் பேசினோம். பணம் உங்களுடையது. வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்த மாத முடிவுக்குள் கணக்கு பார்க்கும் அண்ணனிடம் சொன்னால் போதும், உங்கள் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கணக்கு விவரம் இந்த மடலோடு தனியாக வருகிறது.

என்றும் நன்றியுடன்,
ப்ரூஃப் ரீடரின் மகள்