பள்ளம் தோண்டும் முன் எங்களையும் எண்ணுங்கள்: நடைபாதைக் குடும்பங்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பாரிமுனை, யானைக்கவுனி பகுதி நடைபாதைக் குடும்பங்கள் சார்பாக,
அந்தக் குடும்பங்களில் ஒன்றில் வளர்ந்த மகள்,
சென்னை - 600 001.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை,
சென்னை - 600 003.

பொருள்: சாலை, வடிகால் பணிகளுக்கு முன் நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்து முன்னறிவிப்புத் தரவும், வீடற்றவர்கள் குடும்பமாகத் தங்கும் காப்பகங்களை எங்கள் பகுதி அடங்கிய ராயபுரம் மண்டலத்துக்குள்ளேயே அமைக்கவும், சென்னைப் பெருநகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் அதற்கு இடம் கேட்டு மாநகராட்சி மன்றத் தீர்மானம் கொண்டுவரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அம்மா பூ கட்டி விற்கிறவர். அப்பா மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) ஓட்டினார், இப்போது அவர் இல்லை. நான் பிளாட்பாரத்தில் வளர்ந்து, தெருவிளக்கில் படித்து, பி.காம். முடித்து, சவுகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் வாக்காளர் அட்டையில் கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘பிளாட்பாரம்’ என்று இருக்கிறது. அந்த அட்டையைக் காட்டித்தான் 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். இதைச் சொல்வதற்குக் காரணம், நாங்கள் நேற்று வந்து இறங்கியவர்கள் இல்லை.

தாத்தா திண்டிவனம் பக்கத்திலிருந்து கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தைக்கு மூட்டை தூக்க வந்தவர். சாவடி இருக்கும்வரை இரவெல்லாம் லோடு இறங்கும், விடிந்ததும் கையில் காசு இருக்கும். 1996-ல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. அது சரியான முடிவாகவே இருக்கலாம். அந்தச் சந்துகளுக்குள் லாரி எப்படித் திணறும் என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் சந்தையை மாற்றியபோது வியாபாரிகளுக்குக் கடை எண் கிடைத்தது. மூட்டை தூக்கியவர்களுக்கு எந்த எண்ணும் இல்லை. தாத்தாவோடு வந்தவர்களில் பாதிப் பேர் கோயம்பேடு பக்கம் போனார்கள், மற்றவர்கள் இங்கேயே கிடைத்த வேலையைப் பார்த்தார்கள். நாங்கள் அந்த மற்றவர்கள்.

போன மழைக்காலத்துக்குச் சற்று முன் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு காலையில் பொக்லைன் வந்து நின்றது. ‘பதினோரு மணிக்குள் எல்லாத்தையும் எடுத்துடுங்க, பள்ளம் தோண்டப் போறோம்’ என்றார்கள். எந்தத் துறையின் வேலை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. எங்கள் பகுதியில் தோண்டுகிறவர்கள் பல பேர். மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், கழிவுநீர், மின் கேபிள், தொலைபேசி என்று மாறி மாறி வருவார்கள். அன்று வந்தவர்கள் யார் என்று இன்றுவரை எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. ஆகவே இந்த மனுவில் யார் மேலும் புகார் இல்லை. அம்மா பூக்கூடையோடு போயிருந்தார், நான் கடையில் இருந்தேன். பக்கத்துக் குடும்பத்து அக்கா போன் செய்து நான் ஓடி வருவதற்குள் எங்கள் தகரப் பெட்டி, தார்ப்பாய், அடுப்பு எல்லாம் உடைந்த கல்லோடு லாரியில் ஏறிப் போய்விட்டன.

அந்தப் பெட்டியில் ரேஷன் கார்டு, அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம், என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்று எல்லாம் இருந்தன. அப்பாவோடு நாங்கள் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோவும் இருந்தது. காகிதங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினேன். காவல் நிலையத்தில் காணவில்லை என்று மனு, தாசில்தார் அலுவலகம், இ-சேவை மையம், பள்ளி என்று அலைந்ததில் பத்து நாள் சம்பளம் போனது. நான் படித்தவள், எழுதத் தெரியும், போன் இருக்கிறது. எழுதத் தெரியாத ஒருவருக்கு அந்தப் பெட்டி போனால் அதோடு எல்லாமே போய்விடும். எங்கள் தெருவில் ரேஷன் கார்டு இல்லாத பெண்கள் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அவர்களால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. விண்ணப்பமே ரேஷன் கார்டை வைத்துத்தான் கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ, அவர்களுக்கே அது வராமல் போனது.

வடிகால் வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். மழை பெய்தால் ஊரில் முதலில் நனைகிறவர்கள் நாங்கள்தான். 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று மூன்று முறையும் கடை ஷட்டர் படியில் ஏறி நின்றுகொண்டே ஓர் இரவையாவது கழித்தோம். 2021 வெள்ளத்துக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தபோதும், அதையடுத்து நகரெங்கும் வடிகால் வேலை வேகமெடுத்தபோதும் நாங்கள் உண்மையிலேயே சந்தோஷப்பட்டோம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த இடத்தில் தேங்கும் என்று அவ்வளவு நுணுக்கமாக அளந்து பார்க்கிறார்கள். அந்த வடிகால் போகிற கோட்டின் மேல் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பதையும் அதே நேரத்தில் எண்ணிவிடலாம் என்பதுதான் நாங்கள் சொல்வது.

இது எங்களுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. வடிகால் ஒரு கோப்பு, காப்பகம் இன்னொரு கோப்பு, நிலப் பயன்பாடு மூன்றாவது கோப்பு. மூன்றும் வெவ்வேறு மேஜையில் இருக்கின்றன. மூன்றும் வந்து இறங்குவது எங்கள் ஒரே பிளாட்பாரத்தில்.

காப்பகத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2010-ல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்புப்படி விரிவாக்கப்பட்ட மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். அந்தக் கணக்கில் பார்த்தால் 67 காப்பகம். மக்கள்தொகை அதற்குப் பிறகு ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறை இன்னும் தெளிவாகச் சொன்னது. ஒருவருக்கு 50 சதுர அடி இடம், சமைக்க வசதி, முடிந்தவரை வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை போன்ற இடங்களை ஒட்டி. இதை எழுதியவர் யாரோ, எங்கள் வாழ்க்கையை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

ஆனால் காப்பகம் என்றால் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். 2021 வெள்ளத்தில் நாங்கள் ஒரு காப்பகத்துக்குப் போனோம். சாப்பாடு நன்றாக இருந்தது, விரிப்பு சுத்தமாக இருந்தது, அங்கிருந்த அம்மா அன்பாகப் பேசினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தம்பிக்கு அப்போது பதிமூன்று வயது, அவனை வேறொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் இரவு அவன் மழையில் நடந்தே எங்கள் பிளாட்பாரத்துக்குத் திரும்பிவிட்டான். அம்மா செய்தி தெரிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ‘காப்பகம் இருந்தும் இவர்கள் வரமாட்டேன் என்கிறார்கள்’ என்று எங்களைப் பற்றிப் பேசும்போது, தயவுசெய்து இதையும் நினைத்துப் பாருங்கள். தடுப்பு போட்ட சின்ன அறை, பூட்டுப் போடும் ஒரு பெட்டி, பொதுவான அடுப்படி இருந்தால் இன்று இரவே வரத் தயாராக இருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன.

வீடு கொடுத்தால் போவீர்களா என்று கேட்கிறார்கள். போவோம். எங்கே என்பதுதான் கேள்வி. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள் என்று தாத்தா சொல்வார். அப்புறம் 2000-லிருந்து அந்த வீடுகள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே போய்க்கொண்டே இருக்கின்றன. பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021-லிருந்து இருக்கிறது, அது எங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அம்மா விடியற்காலை நாலு மணிக்குப் பூக்கடையில் நின்றால்தான் அன்றைக்குப் பூ. அந்த நேரத்துக்கு அங்கிருந்து எந்தப் பேருந்தில் வந்து சேர்வது? எங்கள் சொந்தத்திலேயே இரண்டு குடும்பங்கள் கிடைத்த வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டன. அவர்களுக்குப் பேராசை என்று சொல்கிறவர்கள் அந்த நாலு மணிப் பூவைப் பற்றி யோசிப்பதில்லை.

இனி நிலப் பயன்பாடு. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது, அதன் காலம் 2026 வரை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டம் தயாராகி வருகிறது. வரைபடத்தில் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். எங்கள் தெரு வணிகத் தெரு. பகலில் அது உண்மைதான். இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கிய பிறகு அதே தெருவில் சமைக்கிறோம், பிள்ளைகள் படிக்கிறார்கள், தூங்குகிறோம். அதற்கு வரைபடத்தில் வண்ணம் கிடையாது.

இரண்டாவது திட்ட விதிகளில் நல்ல விதி ஒன்று உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனையில் குடியிருப்பு கட்டுகிறவர்கள் 10 சதவீத இடத்தைக் குறைந்த வருவாய் உள்ளவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அது. இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பிறகு வருத்தமாகிவிட்டது. எங்கள் ஜார்ஜ் டவுன் பகுதியில் அவ்வளவு பெரிய குடியிருப்பு மனை எங்கே வரப்போகிறது? ஒட்டி ஒட்டி நிற்கும் கடைகளும் குடோன்களும்தான். அப்படியானால் இந்தப் பகுதியில் ஏழைக்கு இடம் கிடைக்க ஒரே வழி, மாநகராட்சியும் அரசும் தங்கள் சொந்த நிலத்தில் கட்டும்போது அதில் ஒரு பங்கு ஒதுக்குவது. பிராட்வே பேருந்து நிலையத்தில் பன்முகப் போக்குவரத்து வளாகம் கட்டுகிற திட்டத்தில் மாநகராட்சிக்கும் பங்கு உண்டு. அந்த வளாகத்திலோ அதை ஒட்டியோ குடும்பக் காப்பகத்துக்கு ஒரு தளம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள் என்பது எங்கள் முக்கியமான வேண்டுகோள். அங்கே வராவிட்டால் வேறு எங்கே வரும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான வழியும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது, முன்னறிவிப்புத் தருவதன் அவசியத்தையும் பேசியது. நடைபாதை நடப்பவர்களுக்கானது, அதில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதை மறைத்து மனு எழுத எனக்கு விருப்பமில்லை. நடைபாதை எங்களுக்குச் சொந்தம் என்று நாங்கள் கேட்கவில்லை. அங்கிருந்து கௌரவமாக எழுந்து போக ஒரு இடம் கேட்கிறோம். அந்த இடம் வரும்வரை, எழுப்பும்போது கொஞ்சம் அவகாசம் கேட்கிறோம்.

ஆகவே ஐயா, எங்கள் பகுதியில் எந்தத் துறை சாலையைத் தோண்ட அனுமதி கேட்டாலும், அந்த அனுமதியிலேயே ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டுகிறோம். வேலை தொடங்க 15 நாளுக்கு முன், துறையின் பெயரும் பொறுப்பான பொறியாளரின் தொலைபேசி எண்ணும் போட்டுத் தமிழில் எழுதிய அறிவிப்பு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரப்பட வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் பெட்டி, பாத்திரம் வைக்க வார்டு அலுவலகத்தில் பூட்டுகிற ஒரு அறை போதும். இதற்குப் பெரிய செலவில்லை. அப்புறம், இரவு நேரக் கணக்கெடுப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை பிப்ரவரி 28 இரவில்தான் எண்ணினார்கள், ஏனென்றால் பகலில் நாங்கள் எங்கேயும் இருப்போம். அதேபோல மாநகராட்சியே ராயபுரம் மண்டலத்தில் ஒரு இரவு எண்ணிப் பட்டியல் வைத்துக்கொண்டால், கார்டு இல்லாதவர்களுக்கு முகாம் போடவும் காப்பகம் எத்தனை பேருக்கு வேண்டும் என்று முடிவு செய்யவும் அது பயன்படும். முழுமைத் திட்டம் குழுமத்தின் கையில் இருந்தாலும், மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டு அனுப்பினால் அதற்கு மதிப்பு வேறு. அந்தத் தீர்மானத்தை மன்றக் கூட்டத்தில் வைக்க மேயர் அவர்களிடம் நீங்கள் பேச வேண்டும். வார்டு மக்கள் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டம் ஒன்றையாவது இரவில் நடத்தினால் நாங்களும் வந்து பேசுவோம். பகலில் வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

எங்கள் பெயர்ப் பட்டியலை இணைத்திருக்கிறேன். முகவரி எழுத வேண்டிய இடத்தில் எந்தக் கடை வாசல் என்று எழுதியிருக்கிறோம். கணக்கெடுக்க வருகிறவர்கள் இரவு ஒன்பதரைக்கு மேல் வரட்டும், எல்லோரும் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நடைபாதைக் குடும்பங்கள் சார்பாக
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைப்பில்)

இணைப்பு: குடும்பங்களின் பெயர்ப் பட்டியல், வாக்காளர் அட்டை நகல்கள்.
நகல்: மேயர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, உறுப்பினர் செயலர் அவர்கள், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்.