ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட என் தோழிக்கு

அன்புள்ள வாத்தியாரம்மா,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். தொண்டை கட்டிப்போய், பாதி கோபமும் பாதி அழுகையுமாக. இத்தனை வருஷம் ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தவளிடம் ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டிவலி குறையவில்லை, சின்னவன் பத்தாவது பரீட்சை பயத்தில் இருக்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

'ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குதுங்க' என்கிறாய். ஏண்டி, ஸ்டடி அவரில் வாயை மூட முடியாமல் வார்டனிடம் மாட்டி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தவள் நீ. பதினெட்டு வயதில் உன்னால் முடியாததை, ஐந்து வயது முடிந்து இப்போதுதான் அங்கன்வாடியிலிருந்து வந்திருக்கிற பிள்ளை செய்ய வேண்டுமா?

கையைக் கட்டு, வாயில் விரலை வை என்றால் வகுப்பு அடங்கும், அது எனக்கும் தெரியும். பார்வையிட வருகிறவர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் அடங்கியிருக்கிற பிள்ளை கவனிக்கிறது என்று மட்டும் நம்பிவிடாதே. என் வகுப்பில் ஒரு பெண், வாயே திறக்க மாட்டாள். போர்டில் எழுதியதை அழகாக சிலேட்டில் எழுதிவிடுவாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்தேன். 'படம்' என்ற சொல்லில் 'ட'வைக் கீழ்க்கோட்டின் வலது முனையில் ஆரம்பித்து, இடப்பக்கம் இழுத்து, மேலே ஏற்றி முடிக்கிறாள். அவள் எழுதவில்லை, பார்த்து வரைகிறாள்! ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியவில்லை. யாரையும் தொந்தரவு செய்யாததால் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறாள். சேட்டைக்காரர்களைப் பற்றி மட்டுமே நாம் பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தமே இதுதான்.

சேட்டைக்காரர்கள் கதை வேறு. உன் வகுப்பில் சண்டை எப்போது வருகிறது என்று ஒரு வாரம் பார். பாடம் நடக்கும்போது வராது. சிலேட்டு கொடுக்கும்போது, பாத்ரூம் போய்விட்டு வரும்போது, முக்கியமாகத் திருத்துவதற்கு உன் மேஜை முன்னால் வரிசையில் நிற்கும்போது. இங்கே ஒருவன் அந்த வரிசையில் நின்று, முன்னால் நிற்பவளின் ரிப்பனை அவளுக்கே தெரியாமல் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தான். கையில் இருந்த சிலேட்டை வாங்கிப் பார்த்தால் நாலு கணக்கும் சரி. எல்லோருக்கும் முன்பே முடித்தவன் அவன்தான். முடித்த பிறகு சும்மா நிற்கச் சொன்னால் கை எங்கே போகும்?

அதனால் அந்த வரிசையையே எடுத்துவிட்டேன். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கியது, அப்புறம் 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்ததே, அப்போது சுவரைச் சுற்றிக் கீழே பிள்ளைகள் உயரத்துக்கு அடித்த கறுப்புப் பலகை ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் ஒவ்வொரு படியாகத் தாங்களே படித்து ஏறுகிற அந்த ஏணிப்படி அட்டைகள் போய்விட்டன, இப்போது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. ஆனால் அந்தப் பலகை எங்கள் சுவரில் இன்னும் இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் அதையும் மறைக்கப் பார்த்தார்கள், விடவே இல்லை நான். ஆளுக்கு ஒரு பங்கு பிரித்து பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அவரவர் இடத்தில் எழுதுகிறார்கள், நடுவில் நின்று திரும்பினால் யார் எங்கே திணறுகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது, நானே அங்கே போய் மண்டியிட்டுத் திருத்துகிறேன். முடித்தவன் பக்கத்திலேயே ஒரு படம் போடலாம். சத்தம் இருக்கத்தான் செய்கிறது. கிள்ளலும் தள்ளலும் பெரும்பாலும் போய்விட்டது. உங்கள் பள்ளியில் பீரோ, மூட்டை எதற்காவது பின்னால் அந்தப் பலகை ஒளிந்திருக்கும், தேடிப் பார்.

இன்னொன்று, காலை உணவு. 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து முதல் பீரியடின் நிறமே மாறிவிட்டது. பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டு வந்த பிள்ளை கதை கேட்கிறது. முன்பெல்லாம் பதினொரு மணிக்கே 'டீச்சர், சாப்பாட்டு மணி எப்போ அடிக்கும்' என்று ஆரம்பிக்கும். அதைக் கவனக்குறைவு என்று எழுதிவைத்தோம்.

ஒரு பையனின் அப்பா வந்து 'கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்' என்றார் என்று சொன்னாயே, அவரிடம் கோபப்படாதே. அவருக்கு அப்படித்தான் படிப்பு வந்தது, அல்லது வராமல் போனது. ஆனால் நீ குச்சியைத் தொடாதே. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடலால் தண்டிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனதைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. அந்த இரண்டாவது பாதியை ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசுவதில்லை. 'மக்கு' என்று ஆறு வயதில் கேட்ட பிள்ளை அதை நிஜம் என்றே எடுத்துக்கொள்ளும். நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குரலைக் குறை. நீ மெல்லப் பேசினால்தான் அதுகள் காது கொடுக்கும். இரண்டு நாள் ஆகும், பொறுத்துக்கொள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

பெரியக்கா மகள் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? முந்தின நாளே வந்துவிடு, பஸ் ஏறியதும் போன் பண்ணு.

அன்புடன்,
உன் ரூம்மேட்